அடுப்புச் சூடு என்றுதான் நினைத்தோம்

அத்தாவின் கழுத்தில் எப்போதும் ஒரு ஈரத் துண்டு கிடக்கும். பச்சைக் கட்டம் போட்டது. திண்டுக்கல்லில் பிரியாணிக் கடைக்காரருக்கு மகளாகப் பிறந்தவள் நான். விறகடுப்பின் முன்னால் நிற்கிற மனிதருக்குக் கழுத்தில் ஈரத் துண்டு இல்லாமல் முடியாது என்பதை யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. அவரைப் பற்றி நினைத்தாலே முகத்துக்கு முன்னால் அந்தத் துண்டுதான் வருகிறது. அதன் மீது எனக்கு இன்னமும் கோபம் இருக்கிறது. துண்டு மேல் கோபப்பட்டு என்ன செய்ய, இருந்தாலும் இருக்கிறது.

அத்தா ஒன்றும் பிறவிக் கோபக்காரர் அல்ல. கடையில் வேலை செய்கிறவர்களைக் கேலி செய்துகொண்டே வேலை வாங்குகிறவர். அம்மா வைக்கிற மீன் குழம்பைச் சாப்பிட்டுவிட்டு, "நான் வேணா கடைய உனக்கு எழுதி வச்சிட்டுப் போயிரவா?" என்பார். நான் கல்லூரிக்குப் போய்வந்த காலத்தில்தான் அவர் மாறினார். இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிட்டார், ஆனால் சட்டை தொளதொளத்தது. மார்கழிப் பனியிலும் மின்விசிறியை முழு வேகத்தில் வைத்தார். உப்பைக் கையால் அள்ளும்போது விரல் நடுங்கிப் பாதி தரையில் கொட்டியது. தண்ணீர் கொண்டுவரத் தாமதமானால் டம்ளர் பறந்தது.

வேறு யார் வீடாக இருந்தாலும் டாக்டரிடம் போயிருப்பார்கள். நாங்கள் அடுப்பு வைத்துப் பிழைக்கிறவர்கள். வேர்க்கிறதா, அடுப்பு. இளைக்கிறாரா, அடுப்பு. தூக்கம் இல்லையா, கண் பிதுங்கிச் சிவந்திருக்கிறதா, எல்லாம் அடுப்புதான். "சூடு தலைக்கேறிருச்சு" என்று அம்மா சொல்லுவாள். சனிக்கிழமை தவறாமல் எண்ணெய்க் குளியல், மோர், நுங்கு, வெந்தயம். பள்ளிவாசலில் தண்ணீர் ஓதி வாங்கி வந்தும் குடிக்கக் கொடுத்தாள். அவர் எல்லாவற்றையும் குடித்துவிட்டுக் கத்தினார்.

அண்ணனுக்குக் கல்யாணமான புதிது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அவருடைய மாமனார் வீட்டு ஆட்கள் கடைக்குச் சாப்பிட வந்திருந்தார்கள். அவர்களைக் காக்கவைக்கக் கூடாதே என்று, தம் முடிவதற்கு முன்பே அண்ணன் அண்டாவின் மூடியைத் திறந்துவிட்டார். தவறுதான், எந்தப் பிரியாணிக்காரரும் பொறுக்காத தவறு. அத்தா கையிலிருந்த பெரிய கரண்டியாலேயே அடித்தார். தோளில் ஒன்று, முதுகில் ஒன்று. பிறகு எத்தனை என்று தெரியாது. கடை முழுக்க ஆட்கள். அண்ணி இலையிலிருந்து கையை எடுக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அண்ணன் அன்று சாயங்காலமே அண்ணியைக் கூட்டிக்கொண்டு ஒட்டன்சத்திரம் போனவர், அங்கே ஒரு காய்கறி மண்டியில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார். பஸ் ஏறினால் ஒரு மணி நேரம்கூட ஆகாது. வருஷக்கணக்காக வரவில்லை.

பின்னொரு நாள் அத்தாவுக்கு நெஞ்சு படபடவென்று அடித்து, நிற்க முடியாமல் கடையிலேயே உட்கார்ந்துவிட்டார். நான்தான் ஆட்டோவில் கூட்டிப்போனேன். ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா முதலில் சொன்னது, "அந்தத் துண்டை எடுங்க" என்பதுதான். எடுத்தார். தொண்டைக் குழிக்கு மேலே, இரண்டு பக்கமும் வீங்கியிருந்தது. தினமும் அவருக்குச் சோறு போட்ட அம்மாவே அதைப் பார்த்ததில்லை. ரத்தப் பரிசோதனை முடிவு வந்ததும் தைராய்டு அளவுக்கு மீறிச் சுரக்கிறது என்றார்கள். வேர்வை, நடுக்கம், பசி, தூக்கமின்மை எல்லாம் அதனால்தான். "கோவமுமா?" என்று கேட்டேன். "அதையும் கூட்டும். ஆனா எம்புட்டு சுரப்பியோடது, எம்புட்டு அவரோடதுன்னு பிரிச்சுச் சொல்ல முடியாதும்மா" என்றார். அந்தப் பதில் எனக்கு இன்றுவரை செரிக்கவில்லை.

மாத்திரை வேலை செய்தது. சில மாதங்களில் பழைய மனிதர் திரும்பி வந்தார். டாக்டரம்மா சொன்னபடி நேரத்துக்குத் தூங்கினார். விடியற்காலை சுபுஹு தொழுகை முடிந்ததும் மாடியில் மலைக்கோட்டையைப் பார்த்தபடி பேசாமல் உட்கார்ந்திருந்துவிட்டுத்தான் கடைக்குப் போவார். கடையில் தட்டு உடைவது குறைந்தது. அதற்கு முன்பு வேலையாட்கள் பயத்திலேயே கை தவறியிருக்கிறார்கள் என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. ஒரு மனிதர் அமைதியானால் ஒரு கடையே மூச்சு விடுகிறது. ஆனாலும் வாசலில் அவர் வண்டிச் சத்தம் கேட்டால் அம்மா ரிமோட்டைத் தேடி டிவி சத்தத்தைக் குறைத்துவிடுவாள். "எதுக்கும்மா?" என்று கேட்டால்தான் தன் கையிலிருக்கும் ரிமோட்டையே பார்ப்பாள்.

அண்ணனுக்கு போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். "அது அத்தா இல்லண்ணே, நோவு" என்றேன்.

"சரி புள்ள, நோவு. மாத்திரையப் போட்டு அவரு தேறிட்டாரு. மண்டியில யாராச்சும் சத்தமாப் பேசினாலே நான் இன்னும் மூட்டைக்குப் பின்னால ஒதுங்குறேன். நான் எந்த டாக்டர்கிட்ட போறது?"

அத்தாவின் ரத்தத்தில் இருந்ததைக் காகிதத்தில் அச்சடித்துக் கொடுத்தார்கள். அண்ணனின் உடம்பில் ஏறியிருப்பதை எந்தப் பரிசோதனையில் பார்ப்பது? அத்தா தினமும் என்னிடம் ஒன்றைத்தான் கேட்பார்: "பேசுனியா? வாரேன்னானா?" அவருக்கு வயதாகிறது. மகன் முகத்தைப் பார்க்காமலேயே போய்விடுவோமோ என்ற பயம் அவர் கேள்வியில் இருக்கும். இல்லை என்று சொல்லிச் சொல்லி நான் சலித்துப்போனேன். கடைசியில் அண்ணியிடம் அழுதேன், சண்டை போட்டேன், கெஞ்சினேன்.

போன நோன்புப் பெருநாளுக்கு அண்ணன் வந்தார், அண்ணியோடும் பிள்ளைகளோடும். தொழுகை முடிந்து ஆண்கள் ஒருவரையொருவர் கட்டித் தழுவிக்கொள்வது வழக்கம். வீட்டுக்கு வந்ததும் கூடத்தின் நடுவில் நின்று அத்தா இரண்டு கைகளையும் தூக்கி விரித்தார். அவ்வளவுதான். அண்ணனின் தோள் குறுகியது, முகம் சட்டென்று ஒரு பக்கம் திரும்பியது. அவர் வேண்டுமென்று செய்யவில்லை. தலையில் நரை விழுந்த அண்ணன், தன் பிள்ளைகளுக்கு முன்னால் கூசிப்போய் நின்றார்.

அத்தா அதைப் பார்த்துவிட்டார். விரித்த கைகளை மெல்லக் கீழே இறக்கினார். முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கோத்துக்கொண்டார்.

"நீயா வா. நான் கையத் தூக்கல" என்றார்.

அண்ணன் நடந்து வந்து அவரைக் கட்டிக்கொண்டார். நான் அத்தாவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். மகன் அவர் தோளில் முகத்தை வைத்து அழுதபோதும், விலகிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு உள்ளே போகும் வரைக்கும், அத்தா அந்தக் கைகளைப் பிரிக்கவே இல்லை.