முப்பது சென்ட் மின்சாரம்

குன்போர்க் அக்காவிடம் நான் பன்னிரண்டாயிரம் யூரோ கடன்பட்டிருந்தேன். எங்கள் நேர்பெஸ் ஊரில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், ரக்னர் எவனிடமும் கைநீட்டாதவன் என்பார்கள். ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். ஒற்றைக் கண்ணாடிக் குடிலில் தொடங்கி, பின்லாந்து முழுக்கத் தக்காளி அனுப்பினேன். வெளியே முழங்கால் பனி கிடக்கும்போதும் விளக்கு வெளிச்சத்தில் என் செடி காய்க்கும்.

அப்படிப்பட்டவனுக்குக் கடன் கொடுத்தவள் பக்கத்து வீட்டுக்காரி. கூட்டுறவுக் கூடத்தில் காலமெல்லாம் தக்காளி தரம் பிரித்தவள், தனிக்கட்டை. சனிக்கிழமை தன் வீட்டுச் சௌனாவில் நீராவிக் குளியல் எடுப்பதை மட்டும் விடமாட்டாள். காய்ச்சலோடு போயும் அந்த நீராவியில் வெந்துவிட்டு வருவாள்.

ரஷ்யாவிலிருந்து வந்த மின்சாரம் நின்ற வருடம் ஊரே மிரண்டது. இரண்டு வருடத்துக்கு ஒரே விலை, யூனிட் முப்பது சென்ட் என்ற ஒப்பந்தத்தில் அக்காவும் கையெழுத்துப் போட்டாள். நான் அன்றன்றைய சந்தை விலையிலேயே நின்றேன்.

"பயந்தாங்கொள்ளி! டிசம்பர்ல கடலோரத்துப் புது அணு உலை முழுசா ஓடப் போகுது. அப்புறம் கரண்டு தண்ணி மாதிரி. நீ முப்பது சென்ட் அழுதுக்கிட்டே இரு" என்றேன்.

"பதினெட்டு வருஷமா அடுத்த வருஷம், அடுத்த வருஷம்னு கட்டுறாங்க. அதை நம்பித் தக்காளி நட்ட ஒரே ஆளு நீதான்டா."

டிசம்பரில் உலை ஓடவில்லை. பம்பில் விரிசலாம். மறுநாள் விலை மதியம் இரண்டு மணிக்குப் போனில் வரும். ஒரு நாள் பார்த்தேன்: ஐந்து சென்ட் இருந்த இடத்தில் எழுபது! மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். எழுபதேதான். ஒரு உலை படுத்தால் ஒரு நாடே படுக்குமா? விளக்கை அணைத்தால் அந்த இருட்டு மாதத்தில் அத்தனை செடியும் செத்துவிடும். மாதக் கடைசியில் பில் வந்தது. அதை எடுத்துக்கொண்டு கடன் கேட்டு ஓடினேன். வங்கி கையை விரித்தது.

அக்கா தானாக வந்து பணத்தை என் சமையல் மேசையில் வைத்தாள்.

"எழுதித் தரட்டுமாக்கா?"

"உன் கோழிக் கிறுக்கலை யாரு படிக்கிறது? போய் விளக்கைப் போடு."

ஏப்ரலில் உலை நிஜமாகவே ஓடியது. மே மாதம் பனி உருகி ஆறுகள் பெருகின, காற்றும் அடித்தது. விலை பூஜ்யத்துக்கும் கீழே போனது. புகையில்லாத மின்சாரம், அதை எடுத்துக்கொள்ள நமக்கே காசு கொடுக்கிறார்கள்! வாயைப் பிளந்துகொண்டு போனையே பார்த்தேன். நான் சொன்னது நடந்ததா இல்லையா?

அந்தச் சனிக்கிழமை, தக்காளி விற்ற பணத்தோடு நேராக அவள் சௌனாவுக்குப் போய்க் கதவைத் தட்டினேன். கம்பளிக் கோட்டோடு வந்து திறந்தாள். உள்ளே பார்த்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. உட்காரும் பலகை முழுக்க விதைக்கிழங்கு. நீராவிக்காகச் சூடாக்கும் மின் அடுப்பின் கல்லெல்லாம் தூசி.

"என்னக்கா இது?"

"ஒரு தடவை சூடாக்கினா மூணு யூரோ ஆகுது. உனக்குக் கொடுத்தப்புறம் கட்டுப்படியாகல. சும்மாதானே கிடக்குதுன்னு கிழங்கை முளைக்கப் போட்டேன்."

"டிசம்பர்லேருந்தா?"

"பின்னே?"

குளிர்காலம் முழுக்க என் குடில்கள் வெளிச்சமாக எரிந்தன. பத்தடி தள்ளி இவள் சௌனா இல்லாமல் இருந்திருக்கிறாள். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"ஊரே சும்மா கரண்டு எரிக்குது. நீ இன்னும் முப்பது சென்ட்டா?"

"இன்னும் ஒன்றரை வருஷம். எல்லாரும் சும்மா எரிச்சா உலை கட்டினவன் கடனை யாருடா அடைக்கிறது? என்னை மாதிரி பயந்தாங்கொள்ளிதான்."

பணக்கட்டைப் பையிலிருந்து வெளியே எடுத்தேன்.

"இனிமே சனிக்கிழமை என் வீட்டு சௌனாதான்க்கா" என்றேன்.

"அதை அப்புறம் பாக்கலாம். முதல்ல எண்ணு. உன் வாய்க்கணக்கு எனக்கு வேண்டாம்."

கோட்டுக்குள்ளிருந்து கையை எடுத்து விரித்தாள். விரலெல்லாம் ஐஸ். அந்த உள்ளங்கையில் நூறு யூரோ நோட்டுகளை ஒவ்வொன்றாக, சத்தமாக எண்ணி வைத்தேன். பன்னிரண்டாயிரம் முடிந்தது. அவள் விரலை மடக்கப் போனாள். நான் விடவில்லை. அவள் விட்ட சனிக்கிழமைகளுக்காக மேலும் எண்ணினேன்.