அப்பா துப்பிய வைன்

அப்பா வேலை முடிந்து, தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் குடியிருந்த லயத்துப் படியேறினால் ஓடிப்போய்க் கழுத்தைக் கட்டிக்கொள்வது என் வேலை. சும்மா கட்டிக்கொண்டால் போதாது. முகத்தோடு முகம் வைத்து ஒரு முத்தமும் கொடுக்க வேண்டும். "ஓடு பாப்பா, அப்பா வந்துட்டாரு" என்று அம்மாதான் அனுப்பிவைப்பாள். திரும்பி வந்ததும் அப்பா மேல் என்ன வாசம் என்று கேட்பாள். சோப்பு, வெங்காயம், பொரித்த மீன் என்று நானும் விடாமல் சொல்வேன். எனக்கு அது விளையாட்டு.

குடிச்சவன் பேச்சு விடிஞ்சா போச்சு என்பார்கள். அதனால்தான் அம்மா வெறும் பேச்சை நம்பவில்லை. நான் கைக்குழந்தையாக இருந்தபோது மாரியம்மன் கோயிலில் சூடம் ஏற்றி, அப்பாவின் ஒரு கையை என் தலையில் வைத்து, மறுகையால் அந்தச் சூடத்தை அணைக்கச் சொன்னாளாம். இனிக் குடியைத் தொடுவதில்லை என்று சத்தியம். அதற்குப் பிறகுதான் அப்பாவுக்குப் பங்களாவில் வேலை கிடைத்தது. பழைய துரை பங்களா ஹோட்டலாகியிருந்தது. வெளிநாட்டுக்காரர்களுக்கு மேசையில் பரிமாறுவார்.

ஒரு மழை நாளில் அப்பா நேரே படியேறவில்லை. வாசலோரப் பீலிக் குழாயில் கொட்டும் தண்ணீரில் வாயைக் கொப்பளித்துக் கொப்பளித்துத் துப்பிக்கொண்டு நின்றார். நான் ஓடினேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். விடுவேனா? கழுத்தைப் பிடித்து இழுத்து முத்தம் கொடுத்துவிட்டு வந்து, "நாவப்பழ வாசம், கொஞ்சம் புளிச்ச மாதிரி" என்றேன்.

ரொட்டி தட்டிக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. என்னை இழுத்துத் தன்னோடு அணைத்து, உள்ளங்கையை என் உச்சந்தலையில் வைத்தாள். மாவு ஒட்டிய கை. எடுக்கவே இல்லை.

அப்பா வாசற்படியில் உட்கார்ந்தபடியே சொன்னார். பிரான்ஸில் போர்டோ என்று ஓர் ஊராம். அங்கிருந்து இரண்டு சிவப்பு வைன் போத்தல்கள் வந்திருக்கின்றன. கேட்கிற விருந்தாளிக்கு விளக்கம் சொல்லத் தெரிய வேண்டும் என்று, பரிமாறுகிறவர்களை வரிசையாக நிறுத்தி ருசி பார்க்கச் சொல்லியிருக்கிறார் மேனேஜர். மாட்டேன் என்றால் பானை கழுவப் போக வேண்டியதுதான்.

"வாயில வச்சிட்டு, பெக்டரியில தேயில ருசி பாக்குறவங்க துப்புவாங்கள்ல, அப்புடித் துப்பிட்டேன் புள்ள. ஒரு சொட்டு உள்ள போகல."

கல்லில் ரொட்டி கருகியது. பிறகு அம்மா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "ரெண்டு போத்தலுன்னீங்களே. ரெண்டுக்கும் என்னங்க வித்தியாசம்?"

அப்பா கண்ணை மூடிக்கொண்டார். இரண்டும் ஒரே ஆற்றுப் பக்கம்தானாம்; ஒன்று இடது கரை, ஒன்று வலது கரை. இடது கரையில் கூழாங்கல் நிலம். அந்த வைன், கேத்தலில் மறந்துபோய்க் கிடந்த தேயிலைச் சாயத்தைப் போல நாக்கைப் பிடிக்குமாம். கொஞ்சம் பொறுத்தால் வேறொரு வாசம் வருமாம். "பாப்பா பென்சில் சீவுனா வருமே, அதே வாசம்." வலது கரையில் களிமண். அந்த வைன் அப்படி நாக்கைப் பிடிக்காதாம். கனிந்த பழம் மாதிரி மெத்தென்று நாக்கில் உட்காருமாம். திம்புள்ளத் தேயிலையும் கந்தப்பளைத் தேயிலையும் ஒரே செடிதான், ஆனாலும் வாயில் வைத்தால் வேறு வேறுதானே என்றார்.

அம்மா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். குடித்துத் திரிந்த அத்தனை வருஷத்தில் எது என்ன ருசி என்று அவர் ஒரு நாளும் சொன்னதில்லையாம்.

"குடிக்கிறவனுக்கு ருசி ஏது" என்றாள் மெதுவாக. என் தலையிலிருந்து கையை எடுத்தாள். கருகாத ரொட்டியாகப் பார்த்து அவருக்கு வைத்தாள்.

மறுநாள் சாயங்காலம் நான் ஓடத் தயாராகக் காத்திருந்தேன். "ஓடு பாப்பா" என்று யாரும் சொல்லவில்லை. அம்மாவே தலை துவட்டத் துவாயை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போனாள். நானாக ஓடிக் கட்டிக்கொண்டு திரும்பியபோதும், என்ன வாசம் என்று கேட்கவில்லை. அந்த ஓட்டம் எதற்காக என்றே தெரியாத எனக்கு, அது ஏன் நின்றது என்று எப்படித் தெரியும்? முந்தின நாள் நான்தான் வாசத்தைத் தப்பாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது என்று நினைத்து, மூலையில் உட்கார்ந்து, பென்சிலைச் சீவிச் சீவி முகர்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.