விற்ற வண்டியையும் எண்ணிய மேடம்

வெயிலில் கொதிக்கும் காரின் பானெட்டில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு, "படிங்கோ" என்பார் மேடம். கண்ணாடிக்கு உள்ளே தெரியும் சேஸிஸ் எண்ணின் கடைசி இலக்கங்களை நான் படிப்பேன். அவர் தாளில் டிக் போட்டுவிட்டு அடுத்த வண்டிக்குப் போவார். தொடாத வண்டியை அவர் எண்ணியதே இல்லை. கை சுடவில்லையா என்று ஒருமுறை கேட்டேன். "சுடறதுதான், என்ன பண்றது" என்றார். அவ்வளவுதான் எங்கள் பேச்சு. கழக்கூட்டம் பைபாஸ் ஓரம், புது வண்டிகள் நிறுத்தும் யார்டில் மாதக் கடைசி எண்ணிக்கை என்றால் பேசத் தெம்பிருக்காது. ஒரு மரம் கிடையாது. லாரிப் புகை மூஞ்சியில் அடிக்கும். ஷோரூமில் ஏசி, வாடிக்கையாளருக்கு ஜூஸ். எங்களுக்குத் தண்ணீர் கேன்கூடப் பாதி நாள் காலி.

மேடம் எங்கள் டீலர்ஷிப்பில் அக்கவுண்ட்ஸ் மேலாளர். கரமனையிலிருந்து பஸ்ஸில் வருவார். என்னைவிட நாலைந்து வயதுதான் மூத்தவர். நான் அவருக்குக் கீழே கணக்கு எழுதினேன்.

மலையாளக் கர்க்கடக மாதத்தில், அதாவது நம் ஆடியில், இந்த ஊரில் புது வண்டியை வீட்டுக்குக் கொண்டுபோக மாட்டார்கள். முழுப் பணம் கட்டியவர்கள்கூட, சிங்க மாதம் பிறக்கட்டும் என்று வண்டியை எங்களிடமே விட்டுவைப்பார்கள். யார்டு பிதுங்கும். கணக்குப்படி அவை விற்ற வண்டிகள், எங்கள் ஸ்டாக் அல்ல. மற்றவர்கள் அவற்றை எண்ணாமல் தாண்டிப் போவார்கள். மேடம் அவற்றையும் தொட்டு எண்ணுவார்.

அப்படி எண்ணியதில்தான் ஒரு வெள்ளைக் கார் இல்லை என்று தெரிந்தது. யாரோ ஒரு மனிதர் முழுப் பணம் கட்டி, நல்ல நாளுக்காகக் காத்திருந்த கார்.

சாவிகள் யார்டு டிரைவர் பொறுப்பு. மார்த்தாண்டத்துக்காரர், இரண்டு பெண் குழந்தைகளுக்குத் தகப்பன். கேட்டதும் ஆளே வெளிறிவிட்டார். "ஜி.எம். சாரு போன்ல சொன்னாரு மேடம். மொதலாளிக்க மருமொவன் வந்தாரு, சாவியக் குடுத்தேன். மூணாறு போறாவளாம். நான் எங்க கொண்டு போவேன் வண்டிய, சட்டப் பைக்குள்ளயா?"

ஜெனரல் மேனேஜர் வந்தார், மலையாளி. முதலில் சிரித்தார். "விற்ற வண்டிய எதுக்கு மேடம் எண்ணுது? நம்ம ஸ்டாக் அல்லல்லோ."

"அவா இன்னும் எடுத்துண்டு போகலையே சார். அதுவரைக்கும் நம்ம பொறுப்புதானே."

"வெயில்ல மேடத்துக்குக் கண்ணு மயங்குது."

"கண்ணு மயங்கினா ஒண்ணு ரெண்டாத் தெரியும் சார். இருக்கற வண்டி காணாமப் போகாது."

நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிப்பு நின்றது. சாவி டிரைவரிடம் இருந்தது, தான் போனே செய்யவில்லை, டிரைவர் பெயரை எழுதுங்கள், போலீஸ் பார்த்துக்கொள்ளும் என்றார். டிரைவர் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டார். மேடம் அவரைப் பார்த்தார், பிறகு தாளில் எழுதினார்: வண்டி இல்லை, ஜெனரல் மேனேஜர் சொல்லி வெளியே போயிருக்கிறது. கையெழுத்துப் போட்டு, எங்கள் கண் முன்னாலேயே தலைமை அலுவலகத்துக்கு அனுப்பினார்.

மூணாறிலிருந்து கார் திரும்பி வந்தது. கழுவித் துடைத்துப் பழைய இடத்தில் நிறுத்தினார்கள். அப்புறம்தான் தலைமை அலுவலகத்திலிருந்து விசாரணைக்கு ஆள் வந்தது. அதற்குள் டிரைவரிடம் எழுதி வாங்கிவிட்டார்கள். காரை ஒர்க்‌ஷாப் ஷெட்டில் நிறுத்தியிருந்தாராம், மேடம் அங்கே பார்க்காமலே இல்லை என்று எழுதிவிட்டாராம். எந்த மேடம் அவரைப் போலீஸிலிருந்து காப்பாற்றினாரோ, அதே மேடத்துக்கு எதிராக. ஷெட்டில் நானும்தான் பார்த்தேன், அங்கே கார் இல்லை என்று விசாரணைக்கு வந்தவரிடம் சொன்னேன். "உங்களிடம் யார் கேட்டது?" என்றார். எண்ணிக்கையில் தவறு, பொய்ப் புகார் என்று மேடத்தை வீட்டுக்கு அனுப்பினார்கள். டிரைவர் வேலையில் இருந்தார். சிங்கம் ஒன்றாம் தேதி அந்த மனிதர் குடும்பத்தோடு வந்து, காருக்கு மாலை போட்டு, தேங்காய் உடைத்து, புது வண்டி என்று நம்பி எடுத்துப் போனார். ஜி.எம். கைதட்டினார்.

ஆத்திரம் தாங்காமல் மேடம் வீட்டுக்குப் போனேன். டிரைவரை வாய்க்கு வந்தபடி திட்டினேன். மேடம் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"அவன் வந்தான்" என்றார். "பொண்டாட்டியையும் அழைச்சிண்டு வந்து, இந்த நாற்காலியில உக்காந்து அழுதான். காபி குடுத்தேன். நான் எண்ணினது சரிதானேப்பான்னு மட்டும் கேட்டேன். சரிதான் மேடம்னான். அது போறும் எனக்கு."

அவருக்குப் போதும். எனக்குப் போதவில்லை. இத்தனை வருடம் கழித்தும் போதவில்லை.

இப்போது யார்டு வேலை என்னுடையது. செல்போனை நீட்டினால் அதுவே எண்ணிவிடுகிறது. டிரைவரும் நானும் வரிசை வரிசையாக நடக்கிறோம், வண்டியைப் பற்றித் தவிர ஒரு வார்த்தை பேசுவதில்லை. அவரை வெறுக்கக்கூட இப்போது சலிப்பாக இருக்கிறது. ஆனால் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு ஜி.எம். இன்னமும் கதை சொல்கிறார். இங்கே ஒரு மேடம் இருந்தார்கள், எண்ணத் தெரியாமல் வேலையை விட்டார்கள், நீங்கள் கவனமாக எண்ணுங்கள் என்று.

போன வாரமும் சொன்னார். டிரைவர் பக்கத்தில்தான் தலையைக் குனிந்து நின்றார். நான் அந்தப் பிள்ளைகளிடம் சத்தமாகச் சொன்னேன்: அன்றைக்குக் கார் இல்லை. மேடம் எண்ணியது சரி.

இந்த முறையும் என்னிடம் யாரும் கேட்டிருக்கவில்லை.