பாதியில் அறுந்த "போதும்"

ஜெனிட்டாவின் வாய்க்குப் பயப்படாதவர்கள் அந்த ஷெட்டில் இரண்டே பேர். ஒருவர் காது கேட்காத வாட்ச்மேன். இன்னொருவர் கிரேன் ஓட்டும் செங்கல்வராயன். கூரைக்கடியில் ஓடுகிற கிரேனின் கேபினில் உட்கார்ந்திருக்கும் அந்த மனுஷருக்கு இவள் திட்டுவது எங்கே எட்டப்போகிறது?

செங்கல்பட்டை ஒட்டி, ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் இரும்புச் சாமான் செய்கிற ஷெட் அது. ஜெனிட்டா ஊரப்பாக்கத்திலிருந்து ரயிலில் வருவாள். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். இவள் காண்ட்ராக்டில் பெருக்கத்தான் சேர்ந்தாள். பெருக்குகிற சாக்கில் வேடிக்கை பார்த்துப் பார்த்தே, எந்தச் சரக்குக்கு எந்தச் சங்கிலி, எங்கே மாட்டினால் சாயாது என்று கற்றுக்கொண்டாள். கடைசியில் கீழே நின்று கிரேனுக்கு சிக்னல் காட்டுகிற வேலைக்கே வந்துவிட்டாள். சும்மா சொல்லக் கூடாது, கெட்டிக்காரி. அவள் விரலைச் சுழற்றினால் சரக்கு ஏறும், கையை மடக்கினால் நிற்கும். இத்தனை வருஷத்தில் அவளும் செங்கல்வராயனும் உட்கார்ந்து நாலு வார்த்தை பேசியதில்லை. பேச வேண்டிய அவசியமும் வந்ததில்லை.

போன வருஷம் கிரேனைப் புதுப்பித்தார்கள். பழைய பிரேக் போய்ப் புதுசு வந்தது. கிளம்பும்போது சரக்கை ஊஞ்சல் ஆட்டாத மோட்டார் வந்தது. எல்லாம் நல்லதுதான், யார் குறை சொன்னது? ஆனால் அதே சமயத்தில், தூசி உறிஞ்சுகிற பெரிய குழாய் ஒன்றையும் ஷெட்டுக்குக் குறுக்கே கொண்டுபோனார்கள். வடக்கு மூலை கேபினிலிருந்து சுத்தமாக மறைந்துபோனது. அதற்கென்ன, இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு வாக்கி டாக்கி கொடுத்துவிட்டார்கள்.

அந்த மூலையில்தான் அது நடந்தது. கிரேனில் தொங்கிய இரும்புத் தகட்டுக் கட்டு ஒன்றை ஜெனிட்டா வாக்கி டாக்கியில் பேசியே நகர்த்திக்கொண்டிருந்தாள். "போ... போ... மெதுவா போ..." கட்டு தூணை நெருங்கியதும் "போதும்" என்றாள். கட்டு நிற்கவில்லை. தூணருகே நின்ற தொழிலாளி ஏசுபாதத்தைத் தூணோடு சேர்த்து அழுத்தியது. அவள் குழாய்க்கு இந்தப் பக்கம் ஓடிவந்து இரண்டு கையையும் விரித்து ஆட்டிய பிறகுதான் கிரேன் நின்றது. விலா எலும்பு முறிந்துபோயிற்று. ஆள் பிழைத்தது கர்த்தர் கிருபை.

பாதுகாப்பு அதிகாரி காயத்ரி இருவரையும் கூப்பிட்டு விசாரித்தாள்.

"நான் போதும்னுதான் சொன்னேன் மேடம். சர்ச்சுல வந்து வேணா சொல்றேன்."

"போன்னுதான் சொல்லிச்சு மேடம்" என்றார் செங்கல்வராயன். "என் காதால கேட்டேன்."

இருவரில் ஒருவர் சொல்வது பொய் என்று ஆயிற்று. ஒருவர் வீட்டுக்குப் போக வேண்டும். காண்ட்ராக்ட் ஆள் யார் என்று பார்த்தால், போகப்போவது யார் என்று சொல்லவும் வேண்டுமா? ஆனால் வேலை போவதைவிட, அந்த மனுஷர் தன்னைப் பொய்க்காரி ஆக்கியதுதான் அவளுக்கு வயிற்றெரிச்சல். "இத்தினி வருஷம் என் கையப் பாத்துகினு ஓட்னாரு. இப்டி சொல்ல இன்னா மனசு வந்துச்சோ" என்று கணவன் ஜெரோமிடம் புலம்பித் தீர்த்தாள்.

மறுநாள் நேராகக் காயத்ரியிடம் போய் நின்றாள். "நான் கேபின்ல போய்க் குந்திக்கிறேன் மேடம். அவரு கீழ நின்னு, நான் சொன்னத அப்டியே சொல்லட்டும். இன்னா கேக்குதுன்னு பாத்துடலாம்."

காயத்ரி கரண்டை நிறுத்தச் சொல்லி அனுமதித்தாள். ஜெனிட்டா அந்த ஏணியில் ஏறுவது அதுதான் முதல் தடவை. மேலே போய் உட்கார்ந்தாள். குழாய்க்கு அந்தப் பக்கமிருந்து அவர் குரல் வாக்கி டாக்கியில் வந்தது.

"போ... போ... மெதுவா போ... போ."

அதோடு சரி. அவள் காத்திருந்தாள். "தும்" வரவே இல்லை.

இன்னொரு தடவை, கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் நின்று சொல்லச் சொன்னாள். அவளையே பார்த்துப் பார்த்துப் பழகிய மனுஷர் அல்லவா, அவள் செய்வதை அச்சு அசலாகச் செய்தார். "போதும்" என்று வாய் திறக்கும்போதே, வாக்கி டாக்கியைப் பிடித்திருந்த கை மடங்கி மேலே போனது. பேசி முடிக்கும்வரை அழுத்திப் பிடிக்க வேண்டிய பட்டனைக் கட்டைவிரல் விட்டது. "போ" மட்டும் அவளிடம் வந்தது. ஐயோ, அன்றைக்கு அவளும் இதைத்தானே செய்திருந்தாள்!

கேபினில் அவள் ஒருத்திதான். காதில் விழுந்தது அவளுக்கு மட்டும்தான் தெரியும். போதும் என்று தெளிவாகக் கேட்டது என்று சொன்னால் வேலை தப்பிக்கும். சீக்கிரமே ரிட்டையர் ஆகப்போகிற செங்கல்வராயன் மாட்டிக்கொள்வார். கீழே எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் ஏணியைப் பிடித்து இறங்கினாள்.

"போன்னுதான் கேட்டுச்சு மேடம். அண்ணாத்த பொய் சொல்லல. நானும் பொய் சொல்லல. பட்டன வுட்டது என் வெரலு."

இனி "போதும்" கிடையாது, "நிறுத்து" என்றுதான் சொல்ல வேண்டும், குரல் நின்றாலே கிரேன் நிற்க வேண்டும் என்று காயத்ரி அன்றைக்கே உத்தரவு போட்டாள். மேலிடம் வேறு மாதிரி யோசித்தது. பட்டனை விட்டது தன் விரல்தான் என்று அவளே ஒத்துக்கொண்டுவிட்டாளே! ஜெனிட்டாவை மறுபடி பெருக்கப் போட்டுவிட்டு, சிக்னலுக்கு சாம் என்பவனை நிறுத்தினார்கள்.

மறுநாள் காலை செங்கல்வராயன் ஏணியடியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"இன்னா அண்ணாத்த, லோடுக்கு லாரி நிக்குது. ஏறலையா?" என்றார் சூப்பர்வைசர் ஜெயக்குமார்.

"அது வரட்டும்."

"எது?"

"தன் தலைக்கு வரும்னு தெரிஞ்சே உள்ளத சொல்லிட்டு எறங்கிச்சே, அந்தப் பொண்ணு. மேல குந்தினு இருக்கறவனுக்குக் கீழ நிக்கறவங்க வார்த்தைய நம்பித்தான் பொழப்பு. அது வார்த்தைய நான் நம்புவேன். அது நிக்காம நான் ஏற மாட்டேன்."

ஜெயக்குமார் லாரியைப் பார்த்தார், அலுவலகத்தைப் பார்த்தார். போய்ப் பேசிவிட்டு வந்து, ஜெனிட்டா பெருக்கிக்கொண்டிருந்த வெளி யார்டுக்கு ஆள் அனுப்பினார். துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஜெனிட்டா வந்து சேர்ந்தபோது செங்கல்வராயன் டீ கிளாசைக் கீழே வைத்தார்.

"ஏறுங்க அண்ணாத்த, லாரி நிக்குது" என்றாள். அவர் மேலே போய் உட்கார்ந்ததும் விரலைச் சுழற்றினாள்.