பெற்றவள் மனைவி, லீவு எனக்கு எதற்காம்?

பழவேற்காட்டுக் குப்பத்திலிருந்து மீஞ்சூர் பக்கம் ஒரு தொழிற்சாலைக்கு வேலைக்குப் போகிறவன் நான். எங்களுக்கு மகள் பிறந்தபோது என் மனைவி தேவிக்குத் துணையிருக்க ஆள் இல்லை. ஒரு வாரம் விடுப்பு கேட்டேன்.

"பெத்தது உன் பொண்டாட்டி. உனுக்கு இன்னாத்துக்குபா லீவு?" என்று சிரித்தார் சூப்பர்வைசர்.

பிரசவித்த பெண்ணுக்குச் சம்பளத்தோடு விடுப்பு தரச் சட்டம் இருக்கிறது. மத்திய அரசு வேலையென்றால் அப்பாவுக்கும் உண்டு. என்னைப் போன்ற தனியார் தொழிலாளிக்கு அப்படி எதுவும் இல்லையாம்.

தேவியும் குழந்தையும் வீட்டுக்கு வந்த மறுநாளே வேலைக்குப் போனேன். அன்று அவளுக்கு உதிரப்போக்கு நிற்கவே இல்லை. எனக்குப் போன் மேல் போன் போட்டிருக்கிறாள். வேலை நேரத்தில் எங்கள் போன்களை வாங்கிப் பூட்டிவிடுவார்கள். குழந்தை விடாமல் அழுவதைக் கேட்டு எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டு ராணியக்காதான் அவளை ஆட்டோவில் பொன்னேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

"இன்னும் கொஞ்சம் லேட்டாயிருந்தா அவ இல்லடா" என்றார் அக்கா என்னிடம்.

ஆஸ்பத்திரியில் அவளோடு இருந்த நாட்களுக்கு எனக்குச் சம்பளம் பிடித்தார்கள். அந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை.

இப்போது எங்கள் பிரிவில் யார் அப்பாவாகப் போகிறார் என்றாலும், முன்கூட்டியே எல்லோரும் சேர்ந்து போய் விடுப்பு கேட்கிறோம். போன மாதமும் ஒருவருக்காகக் கேட்டோம்.

"சட்டத்துல இல்லியேபா" என்றார் அதே சூப்பர்வைசர்.

"சட்டத்துல இல்லாட்டியும் வூட்ல புள்ள வரப்போவுது சார்" என்றேன். எங்களில் யாரும் நகரவில்லை.

விடுப்பு கிடைத்தது, சம்பளம் இல்லாமல். அடுத்த முறை சம்பளத்தையும் கேட்டுவிட்டுத்தான் நகர்வோம்.