‘உவன்’ மினுக்கிய கோதுகள்

பழப்புளியும் சாம்பலும் பித்தளையும் ஒன்றாகக் கையில் பட்டால் ஒரு மணம் வரும். எத்தனை தரம் சவர்க்காரம் போட்டாலும் சோற்றுக் கவளத்தோடு சேர்ந்து வாய்க்குள் போகும். ஐந்தாம் வகுப்போடு நின்ற நான் ரொறன்ரோவில் கட்டியதெல்லாம் அந்த மணத்திலிருந்து வந்தவைதான். ஸ்காபரோவில் என் பெயரை ஆளுயர எழுத்தில் எழுதிய மினுக்குப் பட்டறை, பிறம்ரனில் அதற்கு ஒரு கிளை, யூனியன்வில்லில் மூலைக்காணி வீடு. இந்த நகரத்துக் கோயில் குத்துவிளக்குகளில் பாதியாவது என் பட்டறையில் சுழலும் மினுக்குச் சில்லில் பட்டுத்தான் முகம் காட்டுகின்றன. ஆங்கிலம் தெரியாமல், பனிக்குள் பஸ்ஸுக்கு நின்று, எவனோ ஒருவனின் தொழிற்சாலையில் தண்ணீர்க் குழாய் மினுக்கி எழும்பியவன் நான். ஒருவரும் கைகொடுத்துத் தூக்கிவிடவில்லை.

இவ்வளவு இருந்தும், போன மாதம் மார்க்கம் நகரத்து விருந்து மண்டபத்தில் என் மச்சான் நடராசாவின் தொண்ணூறாவது பிறந்தநாளில் எனக்குச் சோறு இறங்கவில்லை.

காரணம், அவன் ஊரிலிருந்து கொண்டுவந்து வாசலிலேயே ஒரு வெல்வெற் மெத்தையில் நிறுத்தி வைத்திருந்த பழைய துவக்குத் தோட்டாவின் பித்தளைக் கோது. பக்கத்தில் பேரப்பிள்ளைகள் அச்சடித்த பிறந்தநாள் மலர். போர் முடிந்த நாளில் ஊரே கேட்ட வெடிகளுக்குக் கோது மினுக்கியவர் எங்கள் அப்பப்பா என்று அதில் போட்டிருந்தது. அந்தக் கோதை மினுக்கியவன் நான்.

நான் சொல்வது இரண்டாம் உலகப்போர். தகப்பன் இல்லாத நான் வன்னியில் மாமா வீட்டில் வளர்ந்தேன். நடராசா மாமாவின் சொந்த மகன், எனக்கு ஒரு வயது மூப்பு. நெல்லைப் பன்றி உழாமல் காக்க மாமாவிடம் லைசென்ஸ் துவக்கு ஒன்று இருந்தது. போர்க்காலத்தில் கப்பலில் புதுத் தோட்டா வராது. அதனால் வெடித்த கோதுகளைப் பொறுக்கி வந்து துப்புரவாக்கிக் கொடுத்தால் மாமா தன் கையாலேயே மறுபடி நிரப்புவார். முட்டைக்கும் கச்சான் கடலைக்கும் சொல்வதுபோல அதற்கும் நாங்கள் ‘கோது’ என்றுதான் சொல்வோம். அந்தக் கோது மினுக்கும் வேலையை மாமா நடராசாவுக்குக் கொடுத்தார். நானும் செய்கிறேன் என்று போனால், “அவன் இருக்கேக்கை நீ ஏன்ரா? போய் மாட்டைப் பார்” என்பார். மாட்டைப் பார்த்தபடி நான் அவன் கையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பேன்.

நடராசாவுக்கு உடம்பு வளையாது. மாமி பூசைத் தட்டுகளைப் புளியும் உப்பும் கரைத்த தண்ணீரில் ஊறவைப்பதைப் பார்த்துவிட்டு, ஒரு நாள் கோதுகளையும் அப்படியே சட்டிக்குள் கொட்டிவிட்டுப் படுத்துவிட்டான். விடிய எடுத்தபோது மஞ்சள் போய்ச் செம்பு நிறம் ஏறியிருந்தது. “பாரடா, பொன் மாதிரி!” என்று என் முகத்துக்கு நேரே நீட்டினான். மெய்யாகவே அழகாகத்தான் இருந்தது; அதுவும் எனக்குப் பொறுக்கவில்லை. ஆனால் புளி பித்தளையைத் தின்றுவிட்டது என்று அப்போது யாருக்குத் தெரியும்? மாமா சுட்டபோது அதிலொன்று பிளந்து, புகையும் நெருப்பும் பின்னால் அடித்து அவர் கன்னம் வெந்தது. மாமி தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டே கத்தினாள்: “பூசைத்தட்டும் வெடிக்கோதும் ஒண்டோடா, மூதேசி?”

அன்றைக்கு மாமா என்னைக் கூப்பிட்டு, “எடேய், இனி நீ செய்” என்றார். அந்தச் சொல்லுக்குப் பிறகு நான் வாங்கிய எந்த வீட்டுச் சாவியும் அவ்வளவு பாரமாகக் கையில் விழவில்லை.

புளித்தண்ணீரில் ஒரு முக்கு, உடனே கிணற்றுத் தண்ணீரில் அலசு, பிறகு சாம்பல். குச்சியில் தேங்காய்ப் பொச்சைச் சுற்றி உள்ளே இருக்கும் கரியைக் கடைவேன். வெயிலில் காய்ந்ததும் ஒன்றோடொன்று தட்டிக் காதில் கேட்பேன். நல்லது கணீர் என்னும். வெடிப்பு விட்டது சொத்தென்னும், அதைத் தூர எறிந்துவிடுவேன். யாரும் சொல்லித் தந்ததல்ல. மாமாவின் கன்னத்தைப் பார்த்துப் பயந்து நானே கண்டுபிடித்தது.

போர் முடிந்த செய்தி வந்தது. கொளுத்த ஒரு சீனவெடி கிடையாது. ஊருக்குத் தலைமைக்காரரான விதானையார் மாமாவைத் துவக்கோடு வரச்சொன்னார். கோயிலடியில் மாமா வானத்தைப் பார்த்துச் சுட்டுக்கொண்டே இருந்தார். நான் மினுக்கிய கோதுகளில் ஒன்றும் பிசகவில்லை. “ஆர் மினுக்கினது?” என்று விதானையார் கேட்டார். நானும் நடராசாவும் விதானையாருக்குப் பக்கத்தில் தோளோடு தோள் ஒட்டி நின்றோம். மாமா நாடியை எங்கள் பக்கம் ஆட்டி, “உவன்தான்” என்றார்.

எங்கள் பேச்சில் இவன் என்றால் சொல்பவனுக்குப் பக்கத்தில் நிற்பவன், அவன் என்றால் தூரத்தில் நிற்பவன், உவன் என்றால் கேட்பவனுக்குப் பக்கத்தில் நிற்பவன். அங்கே பக்கத்தில் நின்றவர்கள் இரண்டு பேர். நடராசா ஓரடி முன்னால் வைத்தான். விதானையார் அவன் கைநிறையக் கற்கண்டு அள்ளிக் கொடுத்தார். மாமா அதைப் பார்த்துக்கொண்டே துவக்கைத் துடைத்தார்.

மார்க்கத்து மண்டபத்தில் பேத்தி மைக்கை நீட்டினாள். “அப்பப்பா, இதை எப்பிடிக் கிளீன் பண்ணினீங்கள்?”

“ராவு முழுக்கப் பழப்புளியிலை ஊறப் போட்டனான், பிள்ளை. விடிய எடுத்தால் பொன் மாதிரி!”

சனம் கைதட்டியது. நான் மட்டும் சிரித்தேன். அவன் மேசைக்குப் போய்க் குனிந்து, “மச்சான், ராவு முழுக்க ஊறினது மாமாவின்ரை கன்னத்திலை எல்லோ வெடிச்சது?” என்றேன்.

“நீ இன்னும் உந்தக் கதையை விடேல்லையே? அப்பா உவன் எண்டது என்னைத்தான்.”

“உன்னை எண்டால் ‘என்ரை பொடியன்’ எண்டிருப்பார்.”

கேக் துண்டை மெல்ல மென்று விழுங்கிவிட்டுக் கேட்டான்: “அப்ப ஏன்ரா உன்ரை பேரைச் சொல்லேல்லை?”

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அதற்கு மறுமொழி தேடினேன், இன்றைக்கும் தேடுகிறேன். மாமா இல்லை, துவக்கும் இல்லை, கோயிலடியில் நின்றவர்களில் நாங்கள் இருவர்தான் மிச்சம். ‘உவன்’ கூட இங்கே செத்துவிட்டான்; என் பேரப்பிள்ளைகளுக்கு இவனும் அவனும்தான் தெரியும். ஆனால் அந்தக் கோது இன்னும் மஞ்சளாக நிற்கிறது, ராவு முழுக்க ஊறினதுபோலச் செம்பு ஏறவில்லை, போய்ப் பாருங்கள். ஆகவே நடராசாவின் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்கிறேன்: மலரை மறுபடி அச்சடியுங்கள். அதில் ‘உவன்’ என்றோ ‘உறவினர் ஒருவர்’ என்றோ போடவேண்டாம். கோது மினுக்கியது கந்தையா என்று பெயரைப் போடுங்கள்.