பாசிக் குளத்தருகே ஒரு ஜோடிச் செருப்பு

காலை பத்து மணி ஐந்து நிமிடம். பொறியாளர் நீட்டிய தாளில் என் கையெழுத்துக்குக் கீழே அந்த நேரத்தைத்தான் எழுதியிருந்தேன். பேனாவை மூடிவிட்டுத் திரும்பினால், குளத்தின் ஆழமான பக்கத்துப் படியோரம் என் மகளின் ஊதாச் செருப்பு கிடந்தது. மகளைக் காணோம்.

எங்கள் ஊர்ப் பொது நீச்சல் குளம் மூடிக் கிடந்து பல வருடங்கள். பிள்ளைகள் கண்மாயிலும் கிணற்றிலும் விழுந்து சாகிறார்கள், பயமில்லாமல் நீந்தப் பழக ஓர் இடம் வேண்டும் என்று மனு எழுதியவர்களில் நானும் ஒருத்தி. அலைந்து அலைந்து, ஒருவழியாக அரசு நிதி வந்தது. அன்று வேலை தொடங்கப் பூசை. எல்லோரும் செருப்பைக் கழற்றிப் படியோரம் விட்டிருந்தோம். பூசை முடிந்து பாதிப் பேர் கிளம்பிவிட்டார்கள். போட்டோவில் குளம் முழுசாகத் தெரிய வேண்டும் என்று, சுற்றியிருந்த கம்பி வேலியை முந்தின நாளே பிரிக்கச் சொன்னவளும் நான்தான்.

என் மகளுக்குப் பத்து வயது. நீச்சல் தெரியாது.

பெயர் சொல்லிக் கத்தினேன். குளத்துக்குள் எட்டிப் பார்த்தேன். மழைத் தண்ணீர் தேங்கி, பாசி மண்டி, ஒரு சாண் ஆழத்துக்குக் கீழே எதுவும் தெரியவில்லை.

"மோட்டாரப் போடுங்க சார், தண்ணிய எறைங்க!"

பொறியாளர் முகம் வெளுத்திருந்தது. "இது வத்த ரெண்டு நாளாகும்மா."

அதற்குள் வேலைக்கு வந்திருந்த கொத்தனார் சட்டையோடு குதித்துவிட்டார். மூழ்கினார், எழுந்தார், மறுபடி மூழ்கினார். மூன்றாவது முறை, "கால்ல என்னமோ தட்டுதுக்கா" என்றார். அவர் இழுத்து வந்தது ஊறிப்போன ஒரு சாக்கு.

பக்கத்தில் நின்ற பெண் ஒருத்தி என் தோளைப் பிடித்துக்கொண்டே கேட்டாள்: "பெத்த பிள்ளைய விட்டுட்டு அப்படி என்ன எழுதிக்கிட்டு இருந்தீக?"

அவள் கையை உதறினேன். நானும் இறங்கப் போனேன். இரண்டு பேர் பிடித்து நிறுத்தினார்கள்.

வாசல் பக்கம், பூசை செய்த குருக்களின் குரல் கேட்டது. "என்ன இங்க கூட்டம்?" அவருக்குப் பின்னால், வெயிலில் சுட்ட காலை மாற்றி மாற்றி வைத்தபடி, இடுப்பில் வெறும் பித்தளைக் குடத்தோடு என் மகள். பூசைக் கும்பத்துத் தண்ணீரைக் கால்படாத இடத்தில் ஊற்ற வேண்டும். கும்பத்தைச் செருப்புக் காலோடு தூக்கக் கூடாது. குருக்களோடு தெருமுனை அரசமரத்தடிக்குக் கொண்டுபோய் ஊற்றிவிட்டு வந்திருக்கிறாள்.

கட்டிப் பிடித்து உலுக்கினேன். "சொல்லிட்டுப் போக மாட்டியாடி?"

அவள் ஈரம் சொட்ட நின்ற கொத்தனாரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

"ஒங்கிட்டச் சொல்லிட்டுத்தானம்மா போனேன். நீ எழுதிக்கிட்டே தலைய ஆட்டுன."